அண்ணா எண்ணாமல் விட்ட புள்ளிகள்

மாட்டுங்காவில் அண்ணா குடியிருக்கும் பழைய கட்டடத்தின் மொட்டைமாடி. மழைக்காலம் முடிந்து வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மடக்கு மேஜை. அதன்மேல் பக்கவாட்டில் திறந்த அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் வெள்ளைக் காகிதம். காகிதத்தின்மேல், சின்ன ஊத்தப்பம் அளவில், சூரியன்.

தொலைநோக்கியின் வழியாக யாரும் சூரியனைப் பார்க்கக் கூடாது. கண் போய்விடும். அதனால் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பிவிட்டு, அதன் பின்பக்கத்திலிருந்து வரும் பிம்பத்தைக் காகிதத்தில் விழவைத்து, அதில் தெரியும் கரும்புள்ளிகளைப் பென்சிலால் அப்படியே வரைந்துகொள்வோம்.

முதலில் அண்ணா வரைந்தான். நான் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே எழும்பிக்கொண்டிருந்த புதுக் கட்டடத்தின் கிரேனைப் பார்த்தபடி நின்றேன். பிறகு வேறு காகிதம் வைத்து நான் வரைந்தேன். அவன் திரும்பி நின்றான். அப்பளம் உலர்த்த வந்த பக்கத்து வீட்டு மாமி, அறுபது தாண்டிய இரண்டு பேர் பரீட்சை எழுதும் பிள்ளைகள் மாதிரி காகிதத்தை மறைத்துக்கொள்வதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாவின் எண்ணிக்கை சரியா, என்னுடையது சரியா என்று அன்று தெரிந்தாக வேண்டும். நான் ஜெயிக்க வந்திருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்கள் வீட்டுக் கண்கள்

அண்ணா என்னைவிட இரண்டு வயது மூத்தவன். இதை எழுதும்போது மரியாதையாக ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன். யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. அடித்துவிட்டேன்.

அவன் ஒரு பொறியியல் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய காலத்து ஆள். பெரிய மேஜையில் காகிதத்தை ஒட்டி, இயந்திரங்களின் படத்தைக் கோடு கோடாக இழுப்பது வேலை. கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் பார்ப்பான். அந்தப் பழக்கம் அவனோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சுவரில் படம் மாட்டினாலும், கத்தரிக்காயில் சொத்தை பார்த்தாலும் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். கல்யாணமான புதிதில், மன்னி அதைப் பார்த்து என்ன இவர் கடைத்தெருவில் கண்ணடிக்கிறார் என்று பயந்துபோனாளாம்.

எங்கள் வீட்டில் கண்ணைப் பற்றி எல்லோருக்கும் ஒரு திமிர் உண்டு. அப்பா எழுபது வயதிலும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிப்பார். வருகிறவர்களிடம் எல்லாம் பேப்பரை நீட்டி, கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக் காட்டுவார். பாலக்காட்டிலிருந்து வந்த எங்கள் உறவினர் கூட்டத்தில் இது பிரசித்தம்.

அதே அப்பாதான் கடைசிக் காலத்தில், பக்கத்தில் வைத்த காப்பி டம்ளரைத் தட்டிவிடுவார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் எதிரே வருகிறவர்கள்மேல் மோதிவிட்டு அவர்களையே கோபிப்பார். நினைப்பெல்லாம் எங்கே இருக்கிறது என்று அம்மா அலுத்துக்கொள்வாள். பொடி எழுத்துப் படிக்கிற மனுஷனுக்குக் கண்ணில் குறை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அண்ணாவுக்கு இந்தச் சூரியப் பைத்தியம் ஒரு கிரகணத்தில் ஆரம்பித்தது. பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் லென்ஸ் வாங்கி, பிளம்பரிடம் பைப் வாங்கி, தானே தொலைநோக்கி செய்தான். கிரகணம் முடிந்தது, பைத்தியம் முடியவில்லை. தினமும் காலையில் ஒரு படம், அப்புறம்தான் ஆபீஸ்.

நான் செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு, அவனுக்கு மட்டும் என்ன என்று நானும் ஒரு தொலைநோக்கி வாங்கி எங்கள் ஃபிளாட்டின் பால்கனியில் வைத்தேன். என் வீட்டுக்காரரின் வேலைக்காக அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் எனக்கு இப்படி ஒரு பால்கனி கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே சூரியன், இடத்துக்கு ஓர் எண்

புள்ளி எண்ணுவது எளிய வேலை என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புள்ளிகள் கூட்டம் கூட்டமாக வரும். ஒரு கூட்டத்துக்குப் பத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்று. இரண்டையும் கூட்டினால் அன்றைய எண். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு கொத்துகள் ஒரே கூட்டமா, இரண்டா? அங்கேயே எண்ணில் பத்து வித்தியாசம் வந்துவிடும். மங்கலாக ஒன்று தெரிகிறதே, அது புள்ளியா, காற்றின் சலனமா? பெரிய வானாய்வகங்களே இதில் ஒத்துப்போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தன் லென்ஸ், தன் மலை, தன் மேகம், தன் பழக்கம். பெரிய புள்ளியை ஒன்றுக்கு மேலாகவே எண்ணும் பழக்கம்கூட ஓர் இடத்தில் இருந்திருக்கிறது.

இதைச் சரிசெய்ய ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு காரணி கொடுப்பார்கள். குறைவாக எண்ணுகிறவர் என்றால் அவருடைய எண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கும் காரணி. அதிகமாக எண்ணுகிறவர் என்றால் சிறிதாக்கும் காரணி. பெருக்கிவிட்டால் எல்லோருடைய எண்ணும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிடும். யார் சரி, யார் தப்பு என்று கேட்பதே இல்லை. நீ நீயாக இரு, ஆனால் மாறாமல் இரு என்பதுதான் அங்கே சட்டம்.

எங்களைப் போன்ற வீட்டுப் பார்வையாளர்களின் எண்களைச் சேகரித்து, வானாய்வகங்கள் இணையத்தில் போடும் படங்களோடு ஒப்பிடுவது நினாத் என்ற மராத்திப் பையனின் வேலை. பையன் என்றால் முப்பது வயது. தாதரில் இருக்கிறான். எங்களை ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிடுவான்.

அண்ணாவுக்கு ஒரு பெருமை உண்டு. இத்தனை வருஷத்தில் அவன் காரணி அசைந்ததே இல்லை. என்னுடையது ஆரம்பத்தில் இரண்டு தடவை மாறியது. அதை அவன் எந்தக் கல்யாணத்திலும் சொல்லாமல் விட்டதில்லை.

தூசிச் சண்டை

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் சூரியனில் புள்ளிகள் மலிந்து கிடந்தன. முகம் முழுக்கப் பரு. அந்தச் சமயத்தில்தான் அண்ணாவின் எண் என்னுடையதைவிடக் குறைய ஆரம்பித்தது.

ஒவ்வொரு ஞாயிறும் நினாதுக்கு எண்ணை அனுப்பிய பிறகுதான் நாங்கள் ஃபோனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். அது எங்கள் ஒப்பந்தம். முதலில் கொஞ்சம் வித்தியாசம். பொங்கல் தாண்டியதும் இன்னும் கொஞ்சம். வெயில் காலத்தில், மலைமேல் இருக்கும் வானாய்வகத்தின் படத்தோடு நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். என் எண் ஒத்துப்போனது. அவனுடையது போகவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதை அவனிடம் சொன்னேன்.

“வசு, ஒன்னோட ஐபீஸ்ல தூசி இருக்கு. அதையும் சேர்த்து எண்ணிண்டிருக்கே” என்றான்.

ஐபீஸ் என்பது தொலைநோக்கியில் கண் பக்கத்து லென்ஸ். அதைத் திருகிப் பார்த்தால் தூசியும் சேர்ந்து சுழலும், சூரியப் புள்ளி சுழலாது. காகிதத்தை லேசாக ஆட்டினால் காகிதத்தின் கறை காகிதத்தோடு போகும், சூரியப் புள்ளி நின்ற இடத்தில் நிற்கும். இதெல்லாம் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம். கணக்கு டீச்சரைப் பார்த்து இப்படிச் சொன்னால் கோபம் வராதா? மலைமேல் இருக்கிறவர்களும் தூசியைத்தான் எண்ணுகிறார்களா என்று கேட்டேன். ஃபோனை வைத்துவிட்டான்.

மழைக்காலம் வந்தது. சூரியனே கண்ணில் படாத மாதங்கள் அவை. வழக்கமாக அப்போதுதான் அதிகம் பேசுவோம். செம்பூரில் மேகம், மாட்டுங்காவிலும் மேகம் என்று தினமும் ஒன்றையே சொல்லிக்கொள்வோம். அந்த வருஷம் ஃபோன் அடிக்கவில்லை. நானும் அடிக்கவில்லை. வீட்டில் ஈரத்துணி வாடையும் இந்த வருத்தமும் சேர்ந்து போகாமல் கிடந்தன.

மழை ஓய்ந்ததும் நினாத் கூப்பிட்டான். அங்கிளின் எண் மிகவும் இறங்கிவிட்டது, வருஷ முடிவில் அவருடைய காரணியை உயர்த்திவிடலாம், பெருக்கினால் எல்லாம் சரியாகிவிடும், டென்ஷன் வேண்டாம் ஆன்ட்டி என்றான். அண்ணாவிடம் சொன்னானாம். அதற்கு அவன், என் காரணியைத் தொட்டால் படம் அனுப்புவதையே நிறுத்திவிடுவேன் என்றானாம்.

எனக்கு அது நெருடியது. பழக்கத்துக்குத்தான் காரணி. பழக்கம் என்றால் போன வருஷமும் இந்த வருஷமும் ஒன்றாக இருக்க வேண்டும். இது மாதத்துக்கு மாதம் வளர்கிறது. எதிர்க் கட்டடத்தின் சிமெண்ட் தூசி காரணமாக இருக்கலாம். அவன் லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கலாம். அல்லது உண்மையிலேயே நான்தான் அதிகம் எண்ணுகிறேனோ என்னவோ. ஒரே தொலைநோக்கி, ஒரே காற்று, ஒரே காலை, இரண்டு பேர். அப்படி ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும். குர்லாவில் வண்டி மாறி, மாட்டுங்காவில் இறங்கி, மன்னிக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு போய் நின்றேன்.

முதுகு காட்டி வரைந்த இரண்டு படங்கள்

இரண்டு காகிதங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

கூட்டங்களின் எண்ணிக்கை இரண்டிலும் சமமாக இருந்தது. பெரிய புள்ளிகள் அத்தனையும் அவன் படத்தில் இருந்தன, என்னுடையதைவிட அழகாக. சின்னப் புள்ளிகளில்தான் வித்தியாசம். பார்த்தாயா என்று வாயெடுத்தேன். அப்புறம் எதையோ கவனித்து நிறுத்திக்கொண்டேன்.

அவன் விட்டிருந்த சின்னப் புள்ளிகள் எல்லாம், அந்தந்தப் பெரிய புள்ளிக்கு ஒரே பக்கத்தில் இருந்தன. வலதுபுறம், சற்று மேலே. இடதுபுறம் இருந்த பொடிப் புள்ளிகளை ஒன்றுவிடாமல் போட்டிருந்தான். நான் காணாத ஒன்றைக்கூடப் போட்டிருந்தான். சிமெண்ட் தூசி ஒரு பக்கத்தை மட்டும் மறைக்காது. லென்ஸ் கோளாறு என்றால் எனக்கும் அல்லவா மறைந்திருக்க வேண்டும்?

அண்ணாவும் பார்த்துவிட்டான். மறுபடி பெட்டிக்குள் குனிந்தான். எப்போதும் போல இடது கண் மூடிக்கொண்டது.

ஜெயிக்க வந்தது எல்லாம் மறந்துபோனது.

“அண்ணா, அந்தக் கண்ணைத் தொற. இன்னொண்ணை மூடிண்டு பாரு” என்றேன்.

வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தான். காகிதத்தை லேசாக ஆட்டினான். மறுபடி ஆட்டினான்.

“இதெல்லாம் எப்போ வந்தது?” என்றான்.

“அங்கேயேதான் இருக்கு.”

கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தான். கிரேன் கீச்சென்று திரும்பியது. வெயில் ஏறி, பிம்பம் பெட்டியின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. போறும், வெயில் ஏறிடுத்து என்று சொல்லித் தொலைநோக்கிக்கு மூடி போட்டான்.

கீழே மன்னி காப்பி கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னோம். அவள் நம்பவில்லை. நேற்றுக்கூட ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தாரே, அவர் கண்ணுக்கு என்ன என்றாள். அண்ணா அதைப் பிடித்துக்கொண்டான். வயசானால் கொஞ்சம் மங்கும், தீபாவளி போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“நினாத் சொல்றபடி காரணியை மாத்திடலாம். எல்லாம் சேர்ந்துடும்.”

இத்தனை வருஷம் அசையாத காரணி. தொட்டால் நிறுத்திவிடுவேன் என்று மிரட்டியவன். டாக்டரிடம் போகாமல் இருக்க அதை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தான். அவன் எவ்வளவு பயந்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கும் பயம்தான். டம்ளரைக் கீழே வைத்தேன்.

“பெருக்கினா கணக்கு சேரும் அண்ணா. நோக்குத் தெரியாத புள்ளி தெரிஞ்சுடுமா?”

நான் அன்று செம்பூருக்குத் திரும்பவில்லை. மறுநாள் காலையில் அவன் சட்டை மாட்டும்வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

விளக்குப் புள்ளிகள்

தாதரில் ஒரு கண் மருத்துவர். அமைதியான பெண்மணி. ஒரு கண்ணை மறைத்துவிட்டு, வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே எங்கெங்கோ சின்ன விளக்குப் புள்ளி மின்னும். தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். இதுவும் புள்ளி எண்ணுகிற வேலைதான் என்று அண்ணா வெளியே வந்து சொன்னான். சிரிக்க முயன்றான்.

முடிவைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். வலது கண்ணின் படத்தில் நடுவுக்குப் பக்கத்தில், வலதுபுறம் சற்று மேலே, ஒரு கரும் திட்டு. மாடியில் ஒவ்வொரு பெரிய புள்ளியை உற்றுப் பார்த்தபோதும் அவனுக்கு மறைந்துபோன அதே இடம்.

கண்ணில் அழுத்தம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும் நோய், கிளாக்கோமா என்றார் டாக்டர். வலி இருக்காது. ஒரு கண் விட்டதை மறு கண் நிரப்பிவிடுவதால் பலருக்குத் தெரியவே தெரியாது. நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் பொடி எழுத்துகூடப் படிப்பார்கள். போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். இடது கண்ணிலும் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, நல்ல நேரத்தில் வந்தீர்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்.

அண்ணா சூரியனைப் பற்றிச் சொன்னான். சூரியனால்தான் வந்ததா என்று கேட்டான். இல்லை, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இது குடும்பத்தில் வரும், அப்பா அம்மாவுக்கு இருந்ததா என்றார்.

இல்லை என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“காப்பி டம்ளர்” என்றான் அண்ணா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. கதவு நிலையையும், ஸ்டேஷன் பாலத்தையும், பேப்பரின் கடைசிப் பக்கத்தையும் அண்ணாதான் எடுத்துச் சொன்னான். டாக்டர் கேட்டுவிட்டு, கூடப் பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று என் பக்கம் திரும்பினார். அன்றே பார்த்தார்கள். எனக்கு இதுவரை ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கட்டடத்தில் இருக்கிறவர்கள் மட்டும் இன்னும் சூரியனைப் பார்த்துப் பார்த்துத்தான் கண் போயிற்று என்கிறார்கள். அண்ணா மறுப்பதை விட்டுவிட்டான். அப்பள மாமி எதிரே வந்தால் வேண்டுமென்றே அவளைப் பார்த்து ஒரு கண்ணை மூடுகிறான்.

இடது கண்

நினாதிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன், அண்ணாவின் பழைய படங்களில் விடுபட்ட புள்ளிகளை என் படங்களைப் பார்த்து நிரப்பிவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். நான் அதை அண்ணாவிடம் கேட்டேன். கூடாது என்றான். அவன் பார்க்காததை அவன் பெயரில் வரையக் கூடாதாம். அந்த மாதங்களின் படங்களை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னான். காரணியையும் புதிதாகப் போடச் சொன்னான். புதுப் பார்வையாளனைப் போல, முதலிலிருந்து.

குளிர்காலம் முடியும் தறுவாயில் அவனுடைய புதுப் படம் ஒன்றை நினாத் எனக்கு அனுப்பினான். படத்தின் கீழே எப்போதும் சில விவரங்கள் எழுதுவோம். இடம், நேரம், என்ன லென்ஸ், காற்று எப்படி. அண்ணாவின் கையெழுத்து இப்போதும் அச்சடித்தது மாதிரிதான். லென்ஸின் அளவை எழுதி, ஒரு காற்புள்ளி வைத்து, அதே வரியில் ‘இடது கண்’ என்று எழுதியிருந்தான். கண்ணாடித் துண்டைப் பற்றி எழுதுகிற அதே நிதானம்.

அந்த ஞாயிறு எண்களைச் சொல்லிக்கொண்டோம். அவனுடையது என்னுடையதைவிட ஒன்று கூடுதலாக இருந்தது. முன்பானால் இந்த இடத்தில் ஃபோனை வைத்துவிடுவான்.

“கீழே, ஓரத்துல, ஒண்ணு இருக்கு. நீ விட்டுட்டே. போய்ப் பாரு” என்றான்.

வெயிலில் கஞ்சி போட்டு மொடமொடப்பாகக் காய்ந்த புடவைகளை ஒதுக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். தொலைநோக்கியை மறுபடி திருப்பினேன். பிம்பம் விழுந்தது. வலது கண்ணை மூடிப் பார்த்தேன். பிறகு இடது கண்ணை மூடிப் பார்த்தேன். காகிதத்தை ஆட்டினேன். ஓரத்தில், கடுகில் பாதி அளவில், ஒன்று நின்றது. அவசரத்தில் விட்டிருக்கிறேன். பால்கனி மேஜைமேல் இணைப்பை அறுக்காமல் வைத்திருந்த ஃபோனை எடுத்தேன்.

“தெரியறதா?”

“தெரியறது.”

“ரெண்டு கண்ணுலயும்?”

“ரெண்டுலயும்.”

அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகுதான், சரி, அந்த ஐபீஸையாவது துடை என்று ஆரம்பித்தான்.